இருக்கிறது, ஆனால் கொடுக்கக் கூடாதாம்

மிஸ் தையல்நாயகி இறந்துபோன செய்தி வந்தபோது நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிள்ளானிலிருந்து ஓர் அம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் மெஷினின் உள்ளே ஓடுகிற பெல்ட் அறுந்துவிட்டதாம். மெஷின் வாங்கி நான்கு வருஷம்கூட முழுசாக ஆகவில்லையாம். "அந்த மாடலுக்கு இப்ப பெல்ட் வர்றதில்லைங்க மேடம், ஸ்டாக் முடிஞ்சிருச்சு" என்று நான் சொன்னேன். சொல்லும்போதே, நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற அலமாரியில் அதே பெல்ட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. "என் மேலதான் தப்பு போல அங்கிள். ரெண்டு பெட்ஷீட்டை ஒண்ணாப் போட்டுட்டேன்" என்றார். "இனிமே கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றேன். அதையும் சொன்னேன். பேரையும் போன் நம்பரையும் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனை வைத்தேன். உடனே மறுபடியும் மணி அடித்தது. மிஸ்ஸின் தம்பி. "சேகர், இண்டைக்குக் காலமை அக்கா போயிட்டா" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அலமாரியில் தொங்கிய பெல்ட்டுகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டு முன் போட்ட கூடாரத்தில், வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். அமைதியான பிறவி, யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவர். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு எரிந்தது. அமைதியா? மிஸ்ஸா? ஒரு கம்பெனியின் சர்வீஸ் செண்டரை மூன்று நாட்கள் தலைகீழாக்கிப்போட்ட பெண்மணி அவர். அதைத் தெரிந்தவர்கள் அந்தக் கூடாரத்தில் நான்கு பேர் இருந்திருப்போம். நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மிஸ்ஸைத் தெரிந்தவர்கள் படிக்கட்டும். என்னைப் பற்றி இதில் வருவதையும் சேர்த்தே படிக்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சர்வீஸ் செண்டர் இருந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம், அது இப்போது வேறு கைக்கு மாறிவிட்டது. வீட்டு மின்சாமான்கள் விற்கிற கம்பெனி. பழுதானவற்றை மக்கள் அங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். முன்னால் கவுண்டர், பின்னால் உதிரிப்பாகங்கள் வைக்கிற ஸ்டோர், மாடியில் ஆபீஸ். கவுண்டரில் மிஸ், ஸ்டோரில் நான். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டீச்சர் வேலை எதுவும் பார்த்ததில்லை, ஆனாலும் மேனேஜர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் 'மிஸ்'தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவர். கவுண்டரில் எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிடும்.

வேலையில் அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. யாராவது ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்தால், "யார் வாங்கினது?" என்று கேட்க மாட்டார். "இதை வீட்டுல யார் புழங்குறாங்க?" என்றுதான் கேட்பார். கணவன் பில்லை நீட்டி நீட்டிப் பேசினாலும், பின்னால் நிற்கிற மனைவியைப் பார்த்துத்தான் பேசுவார். இரண்டாவது பழக்கம், பார்ட் இருந்தால் உட்கார்ந்தபடியே சீட்டு எழுதிக் கொடுப்பார். இல்லையென்றால் எழுந்து நிற்பார். நின்றுகொண்டுதான் 'இல்லை' என்பார். "இல்லைங்கிறத உக்காந்துக்கிட்டுச் சொல்லக்கூடாது சேகர். அவங்க பந்திங்கிலருந்து பஸ் புடிச்சு வந்திருக்காங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் சிரித்தேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுந்து உட்கார்ந்தால் முழங்கால் என்னத்துக்காகும் என்று கேலி செய்தேன். பின்னாளில் அவருக்கு முழங்கால் வலி வந்தது உண்மைதான்.

இப்போது பிளெண்டர் கதைக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியின் பிளெண்டர் நம் வீடுகளில் நன்றாக விற்றது. சட்னி, மசாலா, உளுந்து எல்லாம் அதில்தான். மோட்டாரையும் மேலே வைக்கிற ஜாடியையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் பல் வைத்த ஒரு சின்ன வில்லை இருக்கும். ஐம்பது சென் காசு அளவுதான். நாங்கள் அதைக் கப்ளிங் என்போம். முதலில் வந்த மாடலில் அது உலோகம். அந்தக் கப்ளிங் தேய்ந்து ஒரு பிளெண்டரும் சர்வீஸுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த மாடலில் பிளாஸ்டிக் ஆக்கினார்கள். பார்க்க அழகாக, சத்தம் குறைவாக இருந்தது. வாரண்டி முடிகிறவரை ஒழுங்காக ஓடும். முடிந்த கையோடு பல் தேய்ந்து உயிரை விடும். மோட்டார் சும்மா சுற்றும், ஜாடி அசையாது. புதுக் கப்ளிங் போட்டால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். அதனால்தான் மூன்றாவது மாடல் வந்தது. அதில் வில்லையின் அளவை ஒரு நூலளவு மாற்றியிருந்தார்கள். பழையது புதியதில் உட்காராது, புதியது பழையதில் உட்காராது. மூன்றாவது மாடல் கடைகளுக்கு வந்த வாரம் மாடியிலிருந்து எனக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டாவது மாடலின் கப்ளிங்கை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஸ்டாக் இல்லை என்று கவுண்டரிடம் சொல்லிவிடு என்று.

ஸ்டோரில் பெட்டி பெட்டியாக இருந்தது. "கவுண்டர்ல உள்ளவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிறலாமா சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன். அவரும் தமிழர்தான். "அங்கதான் இருக்கு விஷயமே" என்றார். "மிஸ் நெஜமாவே இல்லன்னு நம்பணும். நம்பினாத்தான் முகத்துல தெரியாது. அந்த முகத்தைப் பாத்துத்தானே நம்ம ஆளுங்க இங்க வராங்க. நீ தடா ஸ்டாக்னு சொல்லு, அவ்வளவுதான் லா." தடா என்றால் இல்லை. எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கீழே வந்து மிஸ்ஸிடம் "ரெண்டாவது மாடல் கப்ளிங் முடிஞ்சிருச்சு மிஸ், இனிமே வராதாம்" என்றேன். "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு, கவுண்டருக்குப் போய், காத்திருந்தவர்கள் முன்னால் நின்றார்.

ஒன்றரை வருஷம் அப்படியே நின்றார்.

அந்த ஒன்றரை வருஷத்தில் வந்த தீபாவளி ஒன்றை மறக்க முடியாது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது செத்துப்போன பிளெண்டர்கள் வரிசை கட்டி வரும். பண்டமாரானிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள். மாமியார் பெயர் தெய்வானை, மகன் துறைமுகத்தில் வேலை. மருமகள் ஜெயாவுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். அவர்கள் வீட்டில் பழுதாவது இது மூன்றாவது சாமான். ஏற்கெனவே ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு பிளெண்டர், இப்போது இன்னொரு பிளெண்டர். "இதை வீட்டுல யார் புழங்குறாங்க?" என்று மிஸ் வழக்கம்போலக் கேட்டார். அந்த அம்மாள் மருமகளை முன்னால் தள்ளாத குறையாகக் காட்டினார். "இவதான் மிஸ். இவ கை பட்டா எதுவும் நிக்காது. எங்க வீட்டுக்கு வந்த நாளா இதே கதைதான். என்ன கையோ!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மிஸ் எழுந்து நின்றார். "இதுக்குப் பார்ட் வர்றதில்லம்மா. புதுசுதான் வாங்கணும்" என்றார். பிறகு, பரிவாகத்தான், "கொஞ்சம் மெதுவா அரைச்சுப் பாருங்க" என்றார். நான் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பெட்டிகள் இருந்தன.

ஒரு சாமான் உடைந்தால் செய்தவனைத் திட்டுவோம் என்று நினைக்கிறோம். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் திட்டுவது தங்களைத்தான், அல்லது வீட்டில் வாயில்லாதவரை. பார்த்துப் புழங்கவில்லை, அழுத்திவிட்டேன், ஈரக்கையோடு தொட்டுவிட்டேன், எனக்கு எதுவுமே நிலைக்காது. மூன்று வருஷத்தில் சாகட்டும் என்று செய்தவன் இதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மக்கள் கோபத்தோடு வந்தால் அவனுக்குச் சிக்கல். வெட்கத்தோடு வந்தால் புதுசு வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

மிஸ்ஸுக்கு விஷயம் தெரிந்தது மழையால். பிரிக்பீல்ட்ஸில் பழைய ஆட்களுக்குத் தெரியும், பிற்பகலில் இரண்டு மணி நேரம் கொட்டினால் பின்பக்கச் சாக்கடை கடைக்குள் வந்துவிடும். அன்றைக்குத் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கவுண்டரை மூடிவிட்டு எல்லாரும் ஸ்டோருக்கு ஓடிவந்து பெட்டிகளை மாடிக்குத் தூக்கினோம். "மிஸ், நீங்க தூக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று நான் இரண்டு முறை சொன்னேன். கரிசனம் என்று அவர் நினைத்திருப்பார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலையிலிருந்த பெட்டியைத் தூக்கினார். நனைந்த அட்டை அடியோடு பிய்ந்தது. நூற்றுக்கணக்கான வில்லைகள் தண்ணீரில் கொட்டி மிதந்தன. வெள்ளை வெள்ளையாக, பல்லோடு, அறை முழுக்க.

அவர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது எவ்வளவு காலமா இஞ்ச கிடக்குது?"

"ஒன்றரை வருஷம் மிஸ்."

"நீர் என்னட்ட இல்லை எண்டுதானே சொன்னனீர்?"

நான் தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் நான் இப்படி அலைந்திருக்க மாட்டேன். அவர் கையிலிருந்ததைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார். மாலை வரை பெட்டி தூக்கினார்.

கடையைக் கழுவித் திறக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் காலையில் முதல் ஆளாக ஒரு லோரி டிரைவர் மனைவியோடு வந்து பிளெண்டரை வைத்தார். மிஸ் எழுந்து நின்றார். "பார்ட் இருக்கு. ஆனா குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

டிரைவருக்குப் புரியவில்லை. "இருக்கா இல்லியா மிஸ்?"

"இருக்கு. பின்னால பெட்டி பெட்டியா இருக்கு. குடுக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"மேல உள்ளவங்க."

"அப்ப மேல உள்ளவங்களக் கூப்பிடுங்க, நான் பேசிக்கறேன்."

கவுண்டர் பக்கமே வந்து பார்த்திராத மேனேஜர் அன்று பத்துப் பன்னிரண்டு தடவை மாடிப்படி இறங்கினார். மூச்சு வாங்க இறங்கி வந்து மிஸ்ஸை ஓரமாகக் கூப்பிட்டு, "என்ன மிஸ் இது, என்னைக் கேக்காம?" என்றார். "நீங்க எழுதினதைத்தானே சார் சொல்றேன். ஒரு சொல் கூட்டலையே" என்றார் மிஸ். அவர் மறுபடியும் மாடியேறிப் போனார். மிஸ் திருடவில்லை, கம்பெனியைத் திட்டவில்லை, சொன்ன உத்தரவை மீறி ஒரு வில்லையைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. உள்ளதை முழுசாகச் சொன்னார், அவ்வளவுதான். சத்தம் போட்டவர்களுக்கு மேனேஜர் வேறு வழியில்லாமல் பார்ட்டைக் கொடுத்து அனுப்பினார். அதைக் கவனித்த மிஸ், பயந்துபோய் நின்ற ஒரு பெண்ணிடம் குனிந்து, "கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா, கிடைக்கும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். இரண்டு பேர் சத்தம் போட்டால் வரிசையே சத்தம் போடும். மூன்று நாட்கள் அந்த இடம் மீன் விற்கிற பாசார் மாதிரி இரைச்சலாக இருந்தது. அடுத்த நாள் மிஸ்ஸை மாடியில் டைப் அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அதே வாரம் மிச்சப் பெட்டிகள் எல்லாம் லோரியில் ஏறிக் குப்பைக்குப் போயின. அனுப்பிய தாளில் இருப்பது என் கையெழுத்துதான்.

மிஸ் மாதக் கடைசியில் வேலையை விட்டார். போகும்போது எடுத்துக்கொண்டு போனது ஒரு பள்ளிக்கூட நோட்டு. சர்வீஸுக்கு வருகிறவர்கள் பேரும் விலாசமும் எழுதித் தருகிற அட்டைகளிலிருந்து, தான் 'இல்லை' என்று சொல்லி அனுப்பியவர்களை மட்டும் அதில் எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அவர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். கேள்விப்பட்டபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நானும் கூட வரேன் மிஸ்" என்றேன். ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் ஏறும்போது, இன்றைக்கு நான்தான் முதலில் பேசுவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வீட்டுக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"பார்ட் கொண்டாந்திருக்கீங்களா மிஸ்?"

"இல்லைங்க. அதெல்லாம் குப்பைக்குப் போயிருச்சு."

"அப்ப எதுக்கு இம்மாந்தூரம் வந்தீங்க?"

"உங்ககிட்ட இல்லன்னு சொன்னேனே, அது பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "போனாப் போகுது மிஸ், கோழி அடிச்சிருக்கோம், சாப்பிட்டுப் போங்க" என்றார். மிஸ் சைவம். தயிரும் ஊறுகாயும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். எல்லா வீடும் அப்படியில்லை. கிள்ளானில் ஒரு பெண், "இதைச் சொல்லி இப்ப எனக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். நியாயமான கேள்விதான் என்றார் மிஸ்.

பண்டமாரான் வீட்டுக்குப் போனது ஆறாவது ஞாயிறோ ஏழாவதோ. தெய்வானை அம்மாள் எங்களை உட்காரச் சொன்னார். ஜெயா அடுப்படி வாசலில் நின்றாள். அடுப்படியில் பிளெண்டர் இல்லை, அம்மிக்கல் இருந்தது. "அதுக்கப்புறம் இவளை எந்த மெஷினையும் தொட விடறதில்ல மிஸ்" என்று அந்த அம்மாள் தானாகவே சொன்னார். மிஸ் கைப்பையிலிருந்து இரண்டு வில்லைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். யாரோ சர்வீஸ் செண்டரில் வீசிவிட்டுப் போன பழைய சாமான்களிலிருந்து எடுத்து வைத்திருந்தவை. ஒன்று உலோகம், ஒன்று பிளாஸ்டிக். "பாருங்கம்மா. முதல்ல இப்பிடிச் செஞ்சாங்க. அப்புறம் இப்பிடிச் செஞ்சாங்க" என்று சொல்லி, பிளாஸ்டிக் வில்லையின் பல்லை நகத்தால் அழுத்தினார். அது பிய்ந்து வந்தது. "இது உடையறதுக்குன்னே செஞ்சது. உங்க கையில இருந்தாலும் உடையும், என் கையில இருந்தாலும் உடையும். உங்க மருமக கையில ஒண்ணும் இல்ல. மாத்திப் போட பார்ட்டும் அன்னைக்கு இருந்துச்சு. நான் இல்லன்னு சொன்னேன்."

தெய்வானை அம்மாள் பிய்ந்த பல்லை விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பழக்கத்தில், "ஜெயா, போய் டீ போடு" என்றார். அவள் திரும்பினாள். "இல்ல, நீ உக்காரு. நான் போடறேன்" என்று அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். ஜெயா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்து, யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்தாள். அழவில்லை.

நான் பேசவேண்டிய இடம் அதுதான். மிஸ் இல்லை என்று சொன்னது நான் சொல்லித்தான். தெரிந்தே பொய் சொன்னவன் நான். மிஸ் தெரியாமல் சொன்னார். இதற்கு மூன்று வாக்கியம் போதும். மிஸ் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கூட வேலை செஞ்சவர்" என்று மட்டும் என்னை அறிமுகப்படுத்தியிருந்தார். டீ வந்தது. மாமியார் கையால் போட்ட டீ. நான் வாயில் வைக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். "என்னைப் பத்தி ஏன் மிஸ் ஒரு வார்த்தையும் சொல்லல?" அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்ர பொய்யை நான் சொல்லலாம் சேகர். உம்மட பொய்யை நான் எப்பிடிச் சொல்லுறது?" அதற்கு அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவர் தனியாகப் போய் அந்த நோட்டை முடித்தார்.

மிஸ் பிறகு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றார். கோயிலில், கல்யாண வீடுகளில் பார்ப்போம். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார். பழைய பேச்சை எடுக்க மாட்டார். நான் வேறு கம்பெனிக்கு மாறி, உதிரிப்பாகப் பிரிவுக்கே பொறுப்பாளன் ஆனேன். இந்தத் தொண்ணூறுகளில் சாமான்கள் இன்னும் அழகாகிவிட்டன, ஆயுள் இன்னும் குறைந்துவிட்டது. சுற்றறிக்கைகளின் வாசகம்கூட மாறவில்லை. எனக்குக் கீழே கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பண்டமாரானுக்குப் போனேன். வீடு அதே இடத்தில் இருந்தது. தெய்வானை அம்மாள் தவறி இரண்டு வருஷமாகிவிட்டதாம். ஜெயாவுக்குத் தலையில் நரை. என்னைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொண்டார். மிஸ் போய்விட்டதைச் சொன்னேன். அப்படியே உட்கார்ந்து அழுதார். அழுகை நின்றபிறகு, நின்றுகொண்டே அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணே" என்றார்.

"மிஸ் சொன்னாங்களா?"

"அவங்க சொல்லல. எங்க மாமி வாழ்க்கையிலேயே மொதத் தடவையா எனக்குப் பதிலா டீ போட்டாங்க. நீங்க மட்டும் வாயில வைக்கல. ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்துச்சு. அன்னைக்கே நெனச்சேன், இவருக்கு இதுல ஏதோ இருக்குன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இப்பவாவது குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். சர்க்கரை கூடுதல். முழுசாகக் குடித்தேன்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். பார்ட் இருக்கிறது, ஆனால் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு சின்ன வாக்கியம்! பதினைந்து வருஷமாக அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நிம்மதியில்லாமல் திரிந்திருக்கிறேன். மிஸ் அமைதியானவர் என்று கூடாரத்தில் சொன்னவர்களை மன்னித்துவிட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபிறகு அவர் அமைதியாகத்தான் இருந்தார். அமைதி இல்லாமல் போனது சொல்லாத எனக்குத்தான்.

இன்று காலை ஆபீஸுக்கு வந்ததும் அந்தத் துண்டுத்தாளைத் தேடி எடுத்து, கிள்ளான் அம்மாளைப் போனில் கூப்பிட்டேன்.

"மேடம், அந்த பெல்ட் இருக்கு."

"அன்னைக்கு இல்லன்னீங்களே அங்கிள்?"

"அன்னைக்கும் இருந்துச்சு. குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்ப, ரெண்டு பெட்ஷீட் போட்டதால இல்லையா?"

"இல்லைங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"எங்க வீட்டுக்காரரு மூணு நாளா அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு அங்கிள்."

"நாளைக்கு அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. கவுண்டர்ல சேகர்னு கேளுங்க. நான் அவர்கிட்டயும் சொல்றேன்."

போனை வைக்கும்போதுதான் கவனித்தேன், நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.